கலையும் கணக்கும்: ஸ்டுடியோ ஜிப்லியை முன்வைத்துச் சில எண்ணங்கள்

இலக்கிய வாசகர்களாகிய நம்மிடம் நெடுநாளாக வேரூன்றிவிட்ட ஒரு மனப்பழக்கம் உண்டு. கலை என்ற சொல்லைக் கேட்டதுமே வணிகத்தை அதற்கு எதிரே கொண்டுவந்து நிறுத்திவிடுகிறோம். இப்பழக்கத்திற்கு நியாயமான வரலாற்றுக் காரணமும் இருக்கிறது. பெருவணிக இதழ்களின் அரவணைப்பை நாடாமல் சி.சு. செல்லப்பா 1959 முதல் 1970 வரை 'எழுத்து' இதழைக் கைப்பொருள் இழந்து நடத்தியதும், அதன் பக்கங்களில் புதுக்கவிதை காலூன்றியதும் நம் நினைவில் ஆழப் பதிந்தவை. விற்பனையைப் பொருட்படுத்தாதவரே உண்மையான படைப்பாளி என்ற சூத்திரத்தை அத்தகைய வரலாற்றிலிருந்துதான் நாம் வருவித்துக்கொண்டோம். கவிதைக்கும் சிறுகதைக்கும் அது ஓரளவு பொருந்தலாம். அசைவூட்டத் திரைப்படத்திற்கு, அதாவது பேச்சுவழக்கில் அனிமேஷன் என்று நாம் சொல்லும் கலைக்கு, அது பொருந்துமா?

முதலில் எளிய கணக்கு ஒன்றைப் பார்த்துவிடலாம். திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. கையால் வரையும் முறையில் ஓர் ஓவியத்தையே இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்திக்கொள்வது வழக்கம். அப்படிச் சிக்கனமாக வரைந்தாலும், ஒரே ஒரு பாத்திரம் இடைவிடாது அசையும் இரண்டு மணி நேரப் படத்திற்கு 86,400 ஓவியங்கள் வேண்டும். முதன்மை அசைவுகளை வரைபவர்கள், அவற்றுக்கு இடைப்பட்ட அசைவுகளை நிரப்புபவர்கள், வண்ணம் தீட்டுபவர்கள், பின்னணி தீட்டுபவர்கள் என்று பல பத்துப் பேர், சில சமயம் பல நூறு பேர், ஆண்டுக்கணக்கில் மேசைமுன் குனிந்திருந்தால்தான் ஒரு படம் உருவாகும். ஒரு நாவலாசிரியர் தம் கைப்பிரதியை முப்பதாண்டுகள் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு திருத்திக்கொண்டிருக்கலாம். அவருடைய வறுமை அவரோடு போகும். மிஞ்சினால் அவர் குடும்பத்தைச் சுடும். அசைவூட்டப் படத்தின் இயக்குநர் ஒரு காட்சியை மீண்டும் வரையச் சொல்லும்போது செலவாவது பிறருடைய உழைப்பு. அந்த உழைப்புக்கு மாதந்தோறும் யாரோ ஊதியம் கொடுத்தாக வேண்டும். எனவே இக்கலையில் வணிகம் இருக்கலாமா கூடாதா என்ற கேள்விக்கே இடமில்லை. அது எந்த இடத்தில் நிற்க வேண்டும், எதைத் தொடக் கூடாது என்பவைதாம் கேட்கத்தக்கவை.

வணிகம் தன் இடத்தில் நில்லாதபோதும், படைப்பாளி எல்லை அறியாதபோதும் என்ன நேரும் என்பதற்கு ரிச்சர்ட் வில்லியம்ஸின் 'தி தீஃப் அண்ட் தி காப்ளர்' ஒருசேரச் சான்று. கனடாவில் பிறந்து லண்டனில் படக்கூடம் நடத்திய வில்லியம்ஸ், 1960களின் நடுப்பகுதியில் இப்படத்திற்கான வேலையைத் தொடங்கினார். விளம்பரப் படங்கள் எடுத்து ஈட்டிய பணத்தை இதில் இட்டார். 1988இல் வெளிவந்த 'ஹூ ஃப்ரேம்டு ரோஜர் ராபிட்' படத்தின் அசைவூட்டப் பணிக்கு ஆஸ்கர் சிறப்பு விருது பெற்ற பிறகு, வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் அவருடைய கனவுப் படத்தை வெளியிட முன்வந்தது. அத்துடன் ஒரு காலக்கெடுவும் வந்தது. பல பத்தாண்டுகளாகக் காலக்கெடு என்ற ஒன்றையே அறியாமல் வளர்ந்த படம் அது. நுணுக்கத்தின் மேல் நுணுக்கம் சேர்த்துக்கொண்டே போன வில்லியம்ஸால் குறித்த காலத்தில் முடிக்க இயலவில்லை. 1992இல், படம் முடிந்துவிடும் என்று பிணை கொடுத்திருந்த நிறுவனம் அதை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டது. வேறொருவர் பொறுப்பில் பாடல்கள் நுழைக்கப்பட்டன, காட்சிகள் நீக்கப்பட்டன. 1993இல் ஒரு வடிவமும், 1995இல் அமெரிக்காவில் மிராமாக்ஸ் நிறுவனம் மேலும் மாற்றிய மற்றொரு வடிவமும் வெளிவந்தன. பேசாப் பாத்திரமான திருடனுக்குக்கூட அந்த வடிவத்தில் குரல் கொடுத்துவிட்டார்கள். வில்லியம்ஸ் 2019இல் மறையும்வரை, அவர் கருதியபடியான படம் திரைக்கு வரவேயில்லை.

இதை வழக்கம்போல் 'வணிகம் கலையைக் கொன்ற கதை' என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் அது பாதி உண்மைதான். படைப்பாளிக்கும் பணத்திற்கும் நடுவே நின்று, இருபுறமும் பேசத் தெரிந்த ஒருவர் வில்லியம்ஸுக்கு வாய்க்கவில்லை. 'இத்தனை நிமிடம் போதும், இந்தக் காட்சியை இப்படியே விட்டுவிடுங்கள்' என்று அவரிடம் உரிமையோடு சொல்லவும், 'இந்தப் படத்தில் கை வைக்காதீர்கள்' என்று முதலீட்டாளரிடம் உறுதியோடு சொல்லவும் அங்கே யாருமில்லை.

ஜப்பானின் ஸ்டுடியோ ஜிப்லிக்கு அப்படி ஒருவர் வாய்த்தார். தொஷியோ சுசுகி டோகுமா ஷோட்டன் என்ற பதிப்பகம் 1978இல் தொடங்கிய 'அனிமேஜ்' மாத இதழில் பணியாற்றியவர். ஹயாவோ மியாசாகியின் படத் திட்டங்கள், மூலக்கதை என்று காட்ட ஏதும் இல்லை என்பதால் ஏற்கப்படாதபோது, அவற்றுள் ஒன்று 1982 முதல் 'நௌஸிகா' என்ற சித்திரத் தொடராக அவ்விதழில் வெளிவந்தது. தொடர் வாசகர்களைப் பெற்றது. 1984இல் அது திரைப்படமானது. அதன் வெற்றியைத் தொடர்ந்து 1985இல் அதே பதிப்பகத்தின் பணத்தில் ஜிப்லி பிறந்தது. ஒரு மாத இதழின் பக்கங்களிலிருந்து ஒரு படக்கூடம் முளைத்தது என்பது நம்மைப் போன்ற இதழ் வாசகர்களுக்கு உவப்பான செய்தி. படத்தை மறுத்தவர்களோடு மல்லுக்கட்டாமல், அவர்கள் கேட்ட வணிக நியாயத்தையே உருவாக்கிக் கையில் கொடுத்ததில் ஒரு சாதுரியம் இருக்கிறது.

1988இலும் இதுவே நடந்தது. காட்டில் வாழும் பெரிய உயிர் ஒன்றைச் சிறுமியர் இருவர் சந்திக்கும் 'டோடோரோ' கதைக்குப் பணம் போட யாரும் முன்வரவில்லை. போரில் பட்டினியால் மடியும் அண்ணன் தங்கையின் கதையான 'மின்மினிகளின் கல்லறை' நிலையும் வேறல்ல. இரண்டையும் ஒரே நுழைவுச்சீட்டில் காட்டலாம் என்ற யோசனை பிறந்தது. மியாசாகியின் படத்திற்கு டோகுமா ஷோட்டனும், இசாவோ தகாஹாதாவின் படத்திற்கு அதன் மூலக்கதையை வெளியிட்ட ஷின்சோஷா பதிப்பகமும் பொறுப்பேற்றன. தகாஹாதா வழக்கம்போல் தாமதித்தார். வெளியீட்டு நாளோ மாறவில்லை. அவருடைய படத்தின் சில காட்சிகள் முழுமையாக வண்ணம் தீட்டப்படாமலேயே திரைக்கு வந்து, பின்னர்ச் சரிசெய்யப்பட்டன. நாள் விஷயத்தில் கணக்கு வென்றது. கதை விஷயத்தில் கலை வென்றது. சிறுமியின் சாவை மென்மையாக்கும்படி யாரும் தகாஹாதாவை வளைக்கவில்லை.

வணிகம் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்பதை ஜிப்லி கற்றுக்கொண்டதற்குக் கசப்பான அனுபவம் ஒன்று பின்னணியில் இருந்தது. 'நௌஸிகா'வை அமெரிக்காவில் வெளியிடும் உரிமையைப் பெற்ற நியூ வேர்ல்டு பிக்சர்ஸ், 1985இல் அதை 'வாரியர்ஸ் ஆஃப் தி விண்ட்' என்று பெயர் மாற்றி, இருபது நிமிடங்களுக்கும் மேல் வெட்டி வெளியிட்டது. இயற்கையோடு மனிதன் கொள்ளும் உறவைப் பற்றிய ஒரு படம், சாதாரணச் சாகசப் படமாகச் சுருங்கிப்போனது. அதனால்தான் 1996இல் டிஸ்னியுடன் விநியோக ஒப்பந்தம் செய்துகொண்டபோது, படத்தை வெட்டக் கூடாது என்பது நிபந்தனையாயிற்று. 133 நிமிடம் ஓடும் 'இளவரசி மோனோநோகே'யைக் குறைக்க வேண்டும் என்று, அமெரிக்காவில் அதை வெளியிட்ட மிராமாக்ஸ் வற்புறுத்தியது. 'வெட்டு கூடாது' என்ற செய்தியோடு ஒரு ஜப்பானிய வாள் அந்நிறுவனத் தலைவரிடம் சேர்க்கப்பட்ட கதையை வாசகர்கள் கேள்விப்பட்டிருக்கக்கூடும். அதைச் செய்தவர் தம் தயாரிப்பாளரே என்று மியாசாகி பின்னாளில் ஒரு நேர்காணலில் தெளிவுபடுத்தினார். 1999இல் படம் வெட்டுப்படாமல் அங்கே வெளியாகி, சுமார் 23 இலட்சம் டாலர் மட்டுமே ஈட்டியது. வெட்டியிருந்தால் கூடுதலாக ஈட்டியிருக்கும் என்று வாதிடுவோர் உண்டு. வெட்டப்பட்ட 'நௌஸிகா'வை இன்று யார் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதே அவர்களுக்கு நாம் தரக்கூடிய விடை.

இவ்விடத்தில் புறநானூற்றின் 208ஆம் பாடல் நம் நினைவுக்கு வருவது இயல்பு. மலைகள் பல கடந்து வந்த பெருஞ்சித்திரனாரை நேரில் பாராமலே அதியமான் நெடுமான் அஞ்சி பரிசிலை அனுப்புகிறான், புலவர் மறுத்துவிடுகிறார். பரிசில் வேண்டாம் என்பது அவர் நிலைப்பாடாக இருக்கவில்லை. தம் தகுதியை அறிந்து கொடுத்தால் சிறிதளவாயினும் இனிது என்பதே அவர் சொல்வது. பணத்தின் அளவை விட்டுவிட்டு, கொடுப்பவன் பார்த்தானா என்பதை அவர் அளவுகோலாகக் கொள்கிறார். ஜிப்லியின் வரலாற்றையும் இந்த அளவுகோலால் அளக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. 'நௌஸிகா'வை வெட்டியவர்கள் அந்தப் படத்தைப் பார்க்கவேயில்லை. ஓடும் நேரத்தை மட்டுமே பார்த்தார்கள்.

பொம்மைகளின் கதையும் இதன் தொடர்ச்சிதான். இன்று உலகெங்கும் குழந்தைகளின் மடியில் கிடக்கும் டோடோரோ பொம்மை, படம் வெளியாகி ஏறத்தாழ இரண்டாண்டுகள் கழித்தே சந்தைக்கு வந்தது. வசூலில் சுமாராகவே ஓடிய அப்படத்தின் பாத்திரம், பொம்மையாகிப் படக்கூடத்தின் பற்றாக்குறையை ஈடுகட்டியது. பொம்மை செய்வதற்கு ஏற்றாற்போல் பாத்திரத்தை வரைவதற்கும், வரைந்து முடித்த பாத்திரத்தைப் பிறகு பொம்மையாக்குவதற்கும் இடையே உள்ள தூரம் பெரிது. தொலைக்காட்சித் தொடர்கள் பலவற்றில் பொம்மை நிறுவனமே முதலீட்டாளராக அமர்ந்து, எந்த இயந்திரம் எந்த வாரம் தோன்ற வேண்டும் என்று தீர்மானிப்பதை நாம் அறிவோம். 1989இல் வந்த 'கிகியின் டெலிவரி சர்வீஸ்' படத்திற்குக் கறுப்புப் பூனையைச் சின்னமாகக் கொண்ட யமாட்டோ என்ற சரக்கு நிறுவனம் ஆதரவளித்தது. படத்திலும் ஒரு கறுப்புப் பூனை இருக்கிறது. ஆனால் அந்தப் பூனை அதற்கு முன்பே எழுதப்பட்ட நாவலிலிருந்து வந்தது, நிறுவனத்திற்காக வரையப்பட்டதில்லை. வரிசை மாறாதவரை வணிகம் தீங்கு செய்வதில்லை.

இதுவரை சொன்னவை ஜிப்லியைப் புகழ்வோர் எல்லோரும் சொல்பவையே. புகழ்வோர் பெரும்பாலும் தொடாத பக்கம் ஒன்று உண்டு. அதைத் தொடாமல் இந்த விவாதம் நேர்மையாக அமையாது.

மியாசாகியும் தகாஹாதாவும் டோயி நிறுவனத்தில் இளைஞர்களாக இருந்த காலத்தில் தொழிற்சங்கப் பொறுப்பாளர்கள். ஜிப்லி தொடக்கத்தில், படத்திற்குப் படம் ஆட்களைச் சேர்த்து, முடிந்ததும் கலைத்துவிடும் முறையையே பின்பற்றியது. ஓவியங்களின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி. ஜப்பானிய அசைவூட்டத் துறையில் இன்றும் பரவலாக இருப்பது அந்த முறைதான். 'கிகி' பெரும் வெற்றி பெற்ற பிறகு, 1989இன் இறுதியில் கலைஞர்களை நிரந்தரப் பணியில் அமர்த்தி மாத ஊதியம் தருவது என்று முடிவாயிற்று. இதைவிட நியாயமான முடிவு இருக்க முடியாது. ஆனால் அந்த நியாயத்திற்கும் விலை இருந்தது. மாதாமாதம் ஊதியம் கொடுக்க வேண்டுமானால் படங்கள் இடைவெளியின்றி வர வேண்டும். வருகிற படம் ஓடவும் வேண்டும். தொழிலாளருக்கு நீதி செய்ய எடுத்த முடிவே, படக்கூடத்தை வெற்றியின்மேல் சார்ந்திருக்கச் செய்துவிட்டது. கலையின் எதிரி என்று நாம் எண்ணும் வணிக நெருக்கடியில் பெரும்பகுதி, சக மனிதர்களின் மாதச் சம்பளம்தான் என்பதை இதிலிருந்து அறியலாம்.

ஊதியம் சீரடைந்தாலும் வேலைப்பளு குறைந்துவிடவில்லை. 1995இல் 'விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்' படத்தை இயக்கி, அடுத்த தலைமுறையின் வாரிசாகக் கருதப்பட்ட யோஷிஃபுமி கோண்டோ 1998 ஜனவரியில் 47ஆம் வயதில் இறந்தார். அளவுக்கு மீறிய உழைப்பே காரணம் என்று பரவலாகப் பேசப்பட்டது. அந்தப் படக்கூடத்தின் முழுமை வேட்கையை நாம் வியக்கும்போது இந்த மரணத்தையும் சேர்த்தே எண்ண வேண்டியிருக்கிறது. படைப்பாளியின் தரிசனம் என்று நாம் பெருமையோடு சொல்லும் ஒன்று, மேசைமுன் அமர்ந்திருப்பவரின் உடலிலிருந்து எடுத்துக்கொள்ளப்படுகிறது என்றால், அதுவும் ஒருவகைச் சுரண்டலே. இலாபத்திற்காகச் செய்தால் கண்டிக்கும் நாம், அழகுக்காகச் செய்தால் மௌனமாக இருப்பது முறையாகாது.

தகாஹாதாவின் 'இளவரசி ககுயாவின் கதை' இந்த முரணின் உச்சம். 2013 நவம்பரில் வெளிவந்த இப்படம் எட்டாண்டுகள் வளர்ந்தது. கரிக்கோடும் நீர்வண்ணமும் முடிவுறாத ஓவியம்போல் திரையில் அசைய வேண்டும் என்பது அவர் கனவு. வழக்கமான வேலைமுறை எதுவும் அதற்கு உதவவில்லை. செலவு ஏறத்தாழ 500 கோடி யென். ஜப்பானில் வசூல் அதில் பாதியளவுதான். இது சாத்தியமானதற்கு நிப்பான் தொலைக்காட்சியின் தலைவராக இருந்த செயிச்சிரோ உஜிஈ முக்கியக் காரணம். தகாஹாதாவின் படம் ஒன்றை மீண்டும் பார்த்துவிட வேண்டும் என்று விரும்பிய அவர், 2011இல் படம் முடியும் முன்பே மறைந்தார். நம் மரபின் சொல்லில் அவரைப் புரவலர் எனலாம். அவர் பார்த்துக் கொடுத்தவர். யோஷியாகி நிஷிமுரா என்ற இளம் தயாரிப்பாளர் அந்த எட்டாண்டுகளையும் தகாஹாதாவின் அருகிலிருந்தே கழித்தார்.

'ககுயா' எடுக்கப்பட்டிருக்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்றே தயக்கமின்றிச் சொல்வோம். இளவரசி விருந்து மண்டபத்தை விட்டு ஓடும் காட்சியில் கோடுகளே கோபமாகச் சிதறுவதைக் கண்டவர்கள் அதை மறுக்கமாட்டார்கள். ஆயினும் இதை ஒரு முன்மாதிரி என்று சொல்லத் துணியமாட்டோம். புரவலர் ஒருவர் எப்போதோ ஒருமுறை கிடைப்பார். அவரை நம்பி ஒரு தொழிலை நடத்த இயலாது. மியாசாகி 2013 செப்டம்பரில் ஓய்வை அறிவித்தார். 2014 ஆகஸ்டில், படத் தயாரிப்புப் பிரிவை நிறுத்திவைப்பதாக சுசுகி அறிவித்தார். அதற்கு 'ககுயா' மட்டுமே காரணம் என்று சொல்வது பிழை. மூத்த இயக்குநர் இருவரைத் தாங்குவதற்காக எழுந்த ஒரு வீடு, அவர்கள் விலகும்போது மாதச் சம்பளச் சுமையோடு நிற்க முடியாமற்போனது என்பதே சரி. கலைஞர்கள் கலைந்தார்கள். நிஷிமுரா வெளியேறி 2015இல் ஸ்டுடியோ பொனோக்கைத் தொடங்கினார். ஜிப்லியில் பயின்ற பலர் அங்கே சேர்ந்தனர்.

ஓய்விலிருந்து திரும்பிய மியாசாகி, 'தி பாய் அண்ட் தி ஹெரான்' படத்தைச் சுமார் ஏழாண்டுகள் எடுத்தார். பல நிறுவனங்கள் பங்கு போட்டு இலாபத்தையும் இழப்பையும் பகிர்ந்துகொள்ளும் தயாரிப்புக் குழு முறையே ஜப்பானில் வழக்கம். இம்முறை அதைத் தவிர்த்து ஜிப்லி தன் சொந்தப் பணத்தையே போட்டது. 2023 ஜூலையில் முன்னோட்டமோ விளம்பரமோ இன்றி, ஒரே ஒரு சுவரொட்டியுடன் படம் வெளியானது. 2024இல் அதற்கு ஆஸ்கர் கிடைத்தது. இதைப் படைப்புச் சுதந்திரத்தின் வெற்றி என்று கொண்டாடியவர்கள், அந்தச் சுதந்திரத்தை வாங்கிக் கொடுத்தது எது என்பதைக் கவனிக்க வேண்டும். பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த படங்களின் வருவாயும், விற்ற பொம்மைகளின் வருவாயும், வெளிநாட்டு உரிமைகளின் வருவாயும் சேர்ந்தே அந்த ஏழாண்டுகளைச் சாத்தியமாக்கின. 2023 அக்டோபரில் நிப்பான் தொலைக்காட்சி 42.3 விழுக்காடு வாக்குரிமையைப் பெற்று ஜிப்லியைத் தன் துணை நிறுவனமாக்கிக்கொண்டது. வாரிசு இல்லாமையே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். நடுவே நிற்கும் மனிதரைச் சார்ந்து அமைந்த ஏற்பாட்டின் பலவீனம் இது. மனிதர் மூப்படைவார், ஒப்பந்தமும் வழக்கமும் மட்டுமே அவருக்குப் பின்னும் நிற்கும்.

ஆகவே, கலைக்கும் வணிகத்திற்கும் நடுவே சமநிலை என்பதை ஆளுக்குப் பாதி என்று பங்கிடுவதாக நாம் கொள்ளவில்லை. படத்தின் வடிவம், நீளம், முடிவு ஆகியவை படைப்பவர் பக்கம் இருக்க வேண்டும்; அது எழுத்திலும் இருக்க வேண்டும். எத்தனை ஆண்டு, எவ்வளவு பணம் என்பவற்றில் பணம் போடுபவருக்குச் சொல்லுரிமை உண்டு. படைப்பாளி அதற்குக் கட்டுப்படுவதில் இழிவு ஏதுமில்லை. பொம்மையும் சட்டையும் படத்திற்குப் பின்னால் வரட்டும். இவை மூன்றுக்கும் முன்னதாக, வரைபவரின் கூலியும் உறக்கமும் இருதரப்பாரும் கைவைக்க முடியாதவையாக இருக்க வேண்டும். இந்த நான்காவது வரம்பை ஜிப்லியே முழுமையாகக் காத்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் 1989இல் அது எடுத்த முடிவு, அத்திசையில் வைத்த மெய்யான ஓர் அடி.

இனி ஓர் அசைவூட்டப் படத்தைப் பற்றி எழுதும்போது, அது சமரசம் செய்துகொண்டதா இல்லையா என்று மட்டும் கேட்டு நிறுத்திவிட வேண்டாம். அதை வெட்டும் உரிமை யாரிடம் இருந்தது என்றும், வரைந்தவர்களுக்கு எந்த முறையில் கூலி தரப்பட்டது என்றும் கேட்போம். படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கும்போது நாம் எழுந்துவிடுகிறோம். இடையோவியம் வரைந்தவர்களின் பெயர்கள் அங்கேதான் வருகின்றன.